குணாவின் கைவாகு

மாதாந்திர மின்தடை அன்று காலையில் அனுசுயா ரத்தப் பரிசோதனை லேப்பைத் திறந்தாள். சுற்றியிருந்த பனியன் கம்பெனிகளில் மெஷின் சத்தம் அடங்கியதும் தெருவே செத்துக் கிடந்தது. ஃப்ரீசருக்கு இன்வெர்ட்டர் தாங்காது. கரண்ட் வரும்வரை அதன் கதவைத் திறக்கக் கூடாது. காமாலைப் பரிசோதனைக்காக எடுத்துவைத்த ரத்த மாதிரிக் குழாய்கள் உள்ளே உறைந்திருந்தன. இளகினால் அத்தனையும் பாழ்.

அதில் ஒன்று குணாவுடையது. அவள் புருஷன், இதே லேப்பில் ரத்தம் எடுத்தவன். என்ன கைவாகு அவனுக்கு! ஊசி ஏறியதே தெரியாது. "முடிஞ்சுதுங்க" என்று அவன் சொன்ன பிறகுதான் ஆட்கள் கையையே பார்ப்பார்கள். காமாலைக்காரர் ஒருவருக்கு ரத்தம் எடுத்த பாழாய்ப்போன ஊசி ஒருநாள் அவன் விரலிலேயே குத்தியது. ஹெபடைடிஸ் பி ஈரலைத் தின்று ஆளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் அழவில்லை. மரத்துப்போயிருந்தாள். அவன் குழாயைத் தூக்கிப்போடவும் இல்லை, தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அவனிடமிருந்து தனக்கும் அந்த நோய் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

லேப் முதலாளி மயில்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"நித்யஸ்ரீக்கு நீ ஒருத்திதான கண்ணு? உன்ற புள்ளைக்காகவாச்சும் ரத்தம் குடு."

"நாளைக்குங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ரத்தம் எடுக்கும் நாற்காலியில் சாய்ந்து அவள் கண்ணை மூடினாள். ஒரே புழுக்கம்.

ஸ்பிரிட் வாசம் வந்தது. பாட்டிலை யாரும் திறக்கவில்லை.

ஃப்ரீசர் கதவின் ரப்பர் பிரியும் சத்தம் கேட்டது.

குளிர் அவள் காலடியில் ஊர்ந்தது. எழுந்து மூடியிருக்க வேண்டும். எழவில்லை.

கையில் ரப்பர் கயிறு இறுகியது.

சில்லிட்ட விரலொன்று முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டித் தேடியது. பழகிய விரல்.

"முடிஞ்சுதுங்க."

கரண்ட் வந்தது. தெரு முழுக்க மெஷின்கள் இரைந்தன. ஃப்ரீசர் கதவு மூடியே இருந்தது. திறந்து பார்த்தாள். எல்லாக் குழாய்களும் கல்லாக உறைந்திருந்தன, குணாவுடையதும்தான். ஆனால் மேஜைமேல் புதிதாக ஒரு குழாய் நின்றது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பிவந்த மயில்சாமி வாசலில் நின்றபடியே அது யார் ரத்தம் என்று கேட்டார்.

"என்றதுங்க."

"ஆரு எடுத்தா?"

அவள் கையை நீட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட் இன்னும் காயவில்லை. பிளாஸ்திரி பெருக்கல் குறியாக ஒட்டியிருந்தது. அந்த லேப்பில் அப்படி ஒட்டுகிறவன் குணா ஒருவன்தான்.

"வலிக்கவே இல்லீங்க," என்றாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது.

சில்லிட்ட கை ஒன்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது. மயில்சாமி இன்னும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.