எதிர்வண்டிகள் காட்டிய விளக்கு

எதிரே வந்த கார் விளக்கை இரண்டு முறை அணைத்து எரித்துவிட்டுப் போனது. முன்னால் போலீஸ் நிற்கிறது, பார்த்துப் போ என்று பல்கேரிய மலைச்சாலைகளில் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம் அது. ஆனால் இந்தப் பாதையில் போலீஸ் நின்று பஸ் ஓட்டுநர் போகோமில் பார்த்ததே இல்லை. பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

இரண்டு கண்ணிலும் புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த பிறகு பகல் அவருக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. பொழுது சாய்ந்தால் போச்சு. புதுக் கார்களின் வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சம் வளையம் வளையமாக விரிந்து, ஊசி ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கி, சாலையையே விழுங்கிவிடும். டிப்போவில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஓய்வுபெற இந்த ஒரு குளிர்காலம்தான் பாக்கி. எப்படியாவது ஓட்டித் தள்ளினால் போதும் என்று அலுத்துப்போயிருந்தார்.

"அண்ணே, லாரி வந்துச்சே, அந்த வளைவுல என்ன இடிச்சுது?" தையல் ஆலையிலிருந்து வீடு திரும்பும் ஸ்லாத்கா கேட்டாள். பஸ்ஸில் வேறு ஆளில்லை.

"பனிக்கட்டியா இருக்கும்."

"உங்க வீட்டம்மா சுட்ட ரொட்டியா இருக்கப் போகுது."

சிரிக்கத் தெம்பில்லை. லாரியின் வெளிச்சத்தில் அந்த வளைவு முழுவதும் அவருக்கு வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது.

ஹீட்டரில் தூசி கருகும் வாடையும், ஈரக் கம்பளி வாடையும், டீசலும் கலந்து குமட்டிய அந்தச் சூட்டில், காலுக்கடியில் ஏதோ சாலையை உரசிக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. இன்னொரு கார் விளக்கடித்தது. அடுத்ததும். அதற்கடுத்தது ஹாரனையும் அழுத்தியது.

"எல்லாரும் ஏன்ணே நமக்கே அடிக்கிறாங்க?"

"போலீஸ்மா."

"எங்க?"

போகோமில் கண்ணைச் சுருக்கிச் சாலையைப் பார்த்தார். பயமாக இருந்தது.

ஊர் நிறுத்தத்தில் மூன்று பேர் நின்றார்கள். கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் பார்த்தது அவரை அல்ல, பஸ்ஸின் அடியை.

இறங்கினார். முன்பக்கம் போய்க் குனிந்தார். பஸ்ஸுக்கும் புதிதாக மாட்டியிருந்த வெள்ளை விளக்கு முகத்தில் அறைந்தது. வளையங்கள். ஊசிகள். ஒன்றும் தெரியவில்லை.

நாயாக இருக்கட்டும். கடவுளே, நாயாக இருக்கட்டும்.

கையை உள்ளே விட்டுத் துழாவினார். ஈரத் துணி. ஒரு பொத்தான்.

வெதுவெதுப்பான விரல்கள் அவருடைய மணிக்கட்டைப் பற்றி, மெல்ல இறுகின.