சனி மூலையில் ஒரு சடலம்

செல்போன் அலறியது.

எதிர் வீட்டு வாடகை அறையில் இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்த பொன்னுரங்கம் இடது கையால் போனை எடுத்தார்.

"அண்ணே, கலீலுல்லா பேசறேன். உங்க வூட்டை ரெண்டடி தூக்கிட்டோம். ஆனா ஒரு சிக்கல்."

"இன்னா சிக்கல் பாய்?"

"சனி மூலையில ஜாக்கி மண்ணுக்குள்ள எறங்குது. அடியில பொதபொதன்னு கீது. பழைய கடக்கால் தேறாதுண்ணே. அந்த மூலையை மட்டும் தோண்டிப் புதுசா..."

"தோண்டாத!"

அவர் போட்ட சத்தத்தில் சட்னிக் கிண்ணம் உருண்டது. தெருவில் போன ஷேர் ஆட்டோக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் போடுகிற மனிதரா பொன்னுரங்கம்? இல்லவே இல்லை. வயது அறுபது. சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் முன்னால் வந்து நிற்கச் சொன்னாலும் கும்பலுக்குப் பின்னால் போய் நிற்பவர். அடக்கமான மனுஷர் என்று கள்ளக்குறிச்சியே சொல்லும்.

அது அடக்கம் இல்லை. வெட்கம்! முப்பத்து மூன்று வருஷத்து வெட்கம்!

அந்த வீட்டின் சனி மூலையில், வடகிழக்குக் கோடியில், ஒரு பிணம் கிடந்தது.

இருசப்பனின் பிணம்.

கொன்றவர்... பொன்னுரங்கம்!

அப்படியிருக்க வீட்டை ஏன் தூக்க ஒப்புக்கொண்டார்? நியாயமான கேள்வி. தெரு ரோட்டை மேலே மேலே போட்டுக்கொண்டே போனார்கள். வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மனைவி ரங்கம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, கடலூரில் மகள் வீட்டில் படுத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது?

"மண்ணைத் தோண்ட மாட்டீங்களே பாய்?" என்று வீடு தூக்கும் காண்டிராக்டர் கலீலுல்லாவிடம் மூன்று தடவை கேட்டார்.

"ஜாக்கியில தூக்கி, அடியில செங்கல்லு கட்டறதோட சரிண்ணே" என்று கலீலுல்லாவும் மூன்று தடவை சொன்னார்.

இப்போது அந்தப் பேச்சு போயே போய்விட்டது.

உடனே வேறு ஒரு நம்பரை அழுத்தினார்.

"மேஸ்திரி... சனி மூலையைத் தோண்டணுமாம்!"

மறுமுனையில் கண்ணாயிரம். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் மேஸ்திரி. பொன்னுரங்கத்தின் தங்கை பெரியம்மாளுக்குப் புருஷன்.

"அறிவு கீதா மச்சான் உனக்கு? வூட்டைத் தூக்காத, தூக்காதன்னு தலையால அடிச்சிக்கினேன். எலும்பு வெளிய வந்துச்சின்னா தூக்குக் கவுறு உன் கழுத்துக்குத்தான்! நான் வந்துக்கினே இருக்கேன். எவனையும் மண்வெட்டியைத் தொட வுடாத!"

போன் செத்தது.

பொன்னுரங்கம் கையைக் கழுவக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்தார்.

1989. அதே வீட்டு மனை. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்ட வெள்ளிமலையிலிருந்து வந்தவன் இருசப்பன். வேலை செய்பவர்களுக்குக் கூழ் கொண்டுவந்தவள் பத்தொன்பது வயசு பெரியம்மாள். ரெண்டு பேருக்கும் பிடித்துப்போனது. ஓடிப்போகவில்லை அவர்கள். நேராக வந்து கேட்டான் அவன்.

"அண்ணா, உங்க தங்கச்சியைக் கட்டிக் குடுங்க. நல்லா வச்சிக் காப்பாத்துவேன்."

"மலைக்காரனுக்கு என் தங்கச்சியாடா?"

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் பொன்னுரங்கத்துக்குக் காது எரியும். மண்வெட்டிப் பிடியால் அவன் மண்டையில் ஒரே போடு. அவனும் ஒரு செங்கல்லை எடுத்து வீசினான். நெற்றியில் பட்டது. பொன்னுரங்கத்துக்குக் கண் இருட்டியது.

விழித்தபோது பக்கத்தில் மேஸ்திரி கண்ணாயிரம் மட்டும். சனி மூலையில் புதுசாக மூடிய மண்.

"அவன் முடிஞ்சிட்டான் பொன்னுரங்கம். பொதைச்சிட்டேன். பூஜை போட்ட மூலை, எவனும் கை வைக்க மாட்டான். நான் வாயைத் தொறக்க மாட்டேன்... ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

அந்த ஒன்று, பெரியம்மாள்!

பெண்டாட்டியை இழந்து, ரெண்டு பிள்ளைகளோடு இருந்தவன் கண்ணாயிரம். அடுத்த மாசமே கல்யாணம். தாலி ஏறுமுன் அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவரு எங்கண்ணா?"

"அவனா? வேற ஒருத்தியைக் கட்டிக்கினு ஓடிட்டாம்மா."

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. அவரும் தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

இப்போது காலை பத்து மணி. வீடு அந்தரத்தில் நின்றது.

சுவருக்கு அடியில் வரிசை வரிசையாக இரும்பு ஜாக்கிகள். கலீலுல்லா விசில் ஊதினால் எல்லா ஆட்களும் ஒன்றாகக் கால் சுற்று திருக வேண்டும். ஒருவன் முந்தினாலும் சுவர் விரிசல் விட்டுவிடும். அதுதான் அந்த வேலையின் சட்டம். சனி மூலைக்கு அடியில் ஆறு பேர் பலகையை முட்டுக்கொடுத்துக்கொண்டு குனிந்து கிடந்தார்கள்.

ஆட்டோ வந்து நின்றது. கண்ணாயிரம் இறங்கினான். அறுபத்தெட்டு வயதிலும் மீசை முறுக்குக் குறையவில்லை. பின்னாலேயே பெரியம்மாளும் இறங்கினாள். அண்ணன் வீட்டைத் தூக்குகிற அதிசயத்தைப் பார்க்க வந்திருந்தாள், பாவம்.

"இன்னா பாய், வேலையை நிறுத்துங்க! சனி மூலையைத் தோண்டனா குடும்பத்துக்கு ஆவாது!" கண்ணாயிரம் எகிறினான்.

"மேஸ்திரி, நீங்க கட்டுன வூடுதானே? மத்த மூலையில எல்லாம் கருங்கல்லு கெட்டியா கீது. இங்க மட்டும் ஏன் வெறும் மண்ணு?"

"அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு? எறக்கு வூட்டை!"

"எறக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாதுங்க. இந்த மூலையைத் தோண்டி, கல்லு ஜல்லி போட்டாத்தான் தாங்கும். மழை வேற..."

படார்!

சனி மூலைச் சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழே ஓடியது. காரை உதிர்ந்தது. அடியில் இருந்து ஒரு கத்தல்!

"பலகையை வுடாதீங்கடா!" கலீலுல்லா கத்தினார். "அண்ணே! வுட்டா வூடு அவனுங்க மேலயே உக்காந்திடும். தோண்டவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

கண்ணாயிரம் பொன்னுரங்கத்தின் காதில் கிசுகிசுத்தான்.

"வாயைத் தொறக்காத மச்சான். வுழுந்தா வுழுவுட்டும். வுழுந்துச்சின்னா அதோட எல்லாம் மூடிக்கும்."

பொன்னுரங்கம் அவனைப் பார்த்தார். பிறகு பலகைக்கு அடியில் தெரிந்த ஆறு ஜோடிக் கால்களைப் பார்த்தார். ஒரு முறை பேசாமல் இருந்ததன் பலனைத்தான் முப்பத்து மூன்று வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறார். இன்னும் ஆறு பேரா?

"தோண்டு பாய்!" என்றார். "நல்லா ஆழமாத் தோண்டு. நான் போலீசைக் கூப்பிடறேன்."

"போலீசா? எதுக்குண்ணே?"

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேச முடிந்தது.

"இருசப்பன் ஓடிப்போவலம்மா. நான்தான் அடிச்சிக் கொன்னேன். இந்த மூலையிலதான் கெடக்கறான். வேற ஒருத்தியைக் கட்டிக்கினான்னு நான் சொன்னது பொய்யி."

பெரியம்மாள் அழவில்லை. விரிசல் விட்ட சுவரையே பார்த்தாள்.

"அந்த மூலையிலதான சாமி ரூமு? வர்றப்பல்லாம் அங்கதான நின்னு கும்புட்டேன்... அவரு நெஞ்சு மேலயாண்ணா நின்னேன்?"

பொன்னுரங்கத்துக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை. போலீஸ் ஜீப்தான் வந்தது.

இன்ஸ்பெக்டர் காசிநாதன் இறங்கினார். வாக்குமூலத்தைக் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"செத்தவன் ஊரு?"

"வெள்ளிமலைங்க."

உடனே மலை மேல் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "இருசப்பன்னு ஒருத்தன், 89ல காணாமப் போனவன். அவன் சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா புடிச்சி வைய்யா. கள்ளக்குறிச்சி பொன்னுரங்கம் கொலைக் கேசுன்னு சொல்லு."

இங்கே மண்வெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மூன்றடி... நான்கடி... ஐந்தடி! ஒவ்வொரு கூடை மண்ணையும் கான்ஸ்டபிள் வீரமுத்து கையால் துழாவினார்.

கண்ணாயிரம் மெல்ல ஆட்டோ பக்கம் நழுவினான்.

"மாமா, எங்க கெளம்பிட்டீங்க?" வீரமுத்து அவன் தோளில் கை போட்டார். "படம் முடியட்டும்."

ஆறடி. மண்வெட்டி 'ணங்'கென்று பாறையில் மோதியது.

"அவ்ளோதான் சார்" என்றார் கலீலுல்லா. "இதுக்குக் கீழ பாறை. ஒரு எலும்புத் துண்டு கூட இல்ல."

"இல்லையா?" பொன்னுரங்கம் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "இங்கதான்... மேஸ்திரி இங்கதான் பொதைச்சேன்னாரு!"

"யோவ், வெயில்ல ஏதாச்சும் ஆயிடுச்சா உனக்கு?" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "பொணம் எங்கய்யா?"

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மலை ஸ்டேஷன் எஸ்.ஐ.!

"சார், நீங்க சொன்ன இருசப்பன் வூட்டுக்குப் போனோம். பொன்னுரங்கம் கொலைக் கேசுன்னதும் ஒரு ஆளு கும்புட்டுக்கினே வந்து சரண்டர் ஆயிட்டான் சார்!"

"யாருய்யா அவன்?"

"இருசப்பன் சார்!"

"செத்தவனா? எதுக்குய்யா சரண்டர் ஆனான்?"

"கொலை பண்ணதுக்கு சார்! 'பொன்னுரங்கத்தை நான்தான் கல்லால அடிச்சிக் கொன்னேன், இட்டுக்கினு போங்க'ங்கறான்!"

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தார். எதிரில் உயிரோடு நின்றுகொண்டிருந்த 'பிணத்தை'ப் பார்த்தார்.

"ஜீப்புல ஏத்தி அனுப்புய்யா... சீக்கிரம்!"

இரண்டரை மணி நேரம். அதற்குள் குழியில் கல்லும் ஜல்லியும் இறங்கி, ஆறு பேரும் வெளியே வந்து டீ குடித்து முடித்தார்கள்.

ஜீப்பிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் இறங்கினார். பொன்னுரங்கத்தைக் கண்டதும் ரெண்டடி பின்னால் துள்ளினார்.

"ஐயோ... பேயி!"

"பேயி இல்ல இருசப்பா... நான்தான்." பொன்னுரங்கத்தின் கைகள் தாமாகக் குவிந்தன. "நீ... நீ சாவலியா?"

"நீங்க சாவலியாண்ணா? மேஸ்திரிதான் உங்க மூக்குல வெரலை வச்சிப் பாத்துட்டு, 'போயிட்டான்டா, ஓடு! இந்த ஊருப் பக்கம் வந்தா தூக்குதான்'னாரு. குடகுல மொளகுத் தோட்டத்துல பதினஞ்சி வருசம் கெடந்தேன். மலைக்குத் திரும்பி வந்தும் கீழ எறங்கல. அவ கூடப் பொறந்தவனைக் கொன்னுட்டு எந்த மூஞ்சியை வச்சிக்கினு அந்தப் பொண்ணு முன்னால நிக்கறது?"

எல்லாத் தலைகளும் கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பின.

"அப்ப அந்தக் குழி?" என்றார் பொன்னுரங்கம்.

கண்ணாயிரத்தின் மீசை தொங்கிப்போயிருந்தது.

"சும்மா... தோண்டி மூடனேன். நீ நம்பணும்ல? அப்பறம் கல்லு போட நேரமில்ல. இவ மேல எனக்கு ஆசை மச்சான். நேராக் கேட்டா ரெண்டாந்தாரமாக் குடுப்பியா நீ?"

கொலைகாரன் இல்லை என்று தெரிந்தால் மனுஷனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். பொன்னுரங்கத்துக்கு வரவில்லை. இத்தனை வருஷமும் கொலையை நினைத்துக் கூசினார். இப்போது அந்தக் கொலை இல்லை. தன் கழுத்தைக் காப்பாற்றத் தங்கையைத் தூக்கிக் கொடுத்தது மட்டும் அப்படியே நின்றது. அது கொலையை விடக் கேவலமாக இருந்தது.

"ஒரு தடவ..." அவர் திணறினார். "ஒரே ஒரு தடவ வெள்ளிமலைக்கு பஸ் ஏறி விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். வெக்கமா இருந்துச்சி. போவல."

"எனக்கும் அதேதாண்ணா" என்றார் இருசப்பன், பெரியம்மாளைப் பார்க்காமல்.

இன்ஸ்பெக்டர் காசிநாதன் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"கொன்னவன் ரெண்டு பேரு. செத்தவன் ரெண்டு பேரு. எண்ணிப் பாத்தா மொத்தமே ரெண்டு பேருதான் நிக்கறீங்க! ஒரு பொணம் கூட இல்லாத கேசுல நான் இன்னாத்தைய்யா எழுதறது?"

"பொணம் இல்லன்னு யாரு சொன்னது?"

பெரியம்மாள் முன்னால் வந்தாள். அவள் நடந்து வந்த வேகத்தில் கண்ணாயிரம் தானாக ஒதுங்கினான்.

"பத்தொம்போது வயசுல என்னைப் பொதைச்சாங்க சார். இதோ நிக்கறாரே எம் புருசன், இவரு குழி தோண்டனாரு. எங்கண்ணன் மண்ணைத் தள்ளனாரு. அவரு திரும்பிப் பாக்காம ஓடனாரு. மூணு பேரு பேரையும் எழுதிக்கிங்க."

மூன்று ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் நோட்டில் பேனாவை வைத்தார்.

"சரிம்மா... புகார் குடுத்தது யாருன்னு போட?"

"பொணமே நடந்து வந்து குடுத்திச்சின்னு போடுங்க சார்!"