முள் இறங்கிய பகல்

இன்ஜின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. டெம்பரேச்சர் மீட்டரின் முள் மேலே ஏறாதது சாய்பிரசாத்துக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பழைய வண்டிகளில் அது நடக்கிற விஷயம்தான். ஆனால் முள் குளிரைக் குறிக்கும் 'சி' என்ற எழுத்தையும் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே போக அங்கே இடமே கிடையாது. முள்ளைத் தடுப்பதற்கென்று வைத்திருக்கும் குட்டிக் கம்பியை அது எப்படித் தாண்டியது என்று அவன் குனிந்து பார்த்தான். கம்பி வைத்த இடத்தில் அப்படியேதான் இருந்தது.

வில்லாபுரத்தில் அவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை போட்டுப் பதினைந்து வருடம். மே மாதத்துப் பகல் ஒன்றரை மணி வெயில் தகரக் கூரையில் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, உருகிய வயர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனா கையில் ஒரு பேப்பரை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். மேலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஷிப்ட் முடிகிற நேரத்தில் பஸ் கிடைக்காமல் அல்லாடியவள், மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு புரோக்கர் மூலமாக இந்த முப்பது வருடத்து வெள்ளைக் காரை வாங்கியிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி யாரும் பார்த்தாகளா சிஸ்டர்?"

"ரெண்டு பேரு பார்த்தாங்கண்ணே. ஒருத்தர் சென்சாரை மாத்துனாரு. இன்னொருத்தர் மீட்டரையே மாத்துனாரு. மாத்திட்டு, இனிமே இங்க கொண்டுவராதீகன்னுட்டாரு."

"ஏனாம்?"

"சொல்லல."

பழுதைக் கண்டுபிடிக்காமல் ஒரு வண்டியையும் சாய்பிரசாத் திருப்பி அனுப்பியதில்லை. சென்சாரிலிருந்து வரும் ஒற்றை வயரைப் பிடுங்கி இன்ஜின் இரும்பில் வைத்தான். முள் துள்ளி, சூட்டைக் குறிக்கும் 'எச்' பக்கம் போனது. எடுத்தான், கீழே விழுந்தது. வயர் சரி, மீட்டர் சரி. வண்டியை அணைத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, பக்கத்து டீக்கடை காளையிடம் கொதிக்கிற தண்ணீர் வாங்கி அதில் போட்டுப் பார்த்தான். அழகாகத் திறந்து மூடியது. எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, மறுபடியும் இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டான். முள் மறுபடியும் கீழே.

கடைசியில் சூடு பார்க்கிற டெம்பரேச்சர் கன்னை எடுத்துக் கடைச் சுவரில் காட்டினான். நாற்பத்து மூன்று. இன்ஜின் தலையில் காட்டினான்.

ஒன்பது.

கன்னைத் தட்டிவிட்டு மறுபடி சுவர். நாற்பத்து மூன்று. மறுபடி இன்ஜின். ஒன்பது. விரல் வெந்துவிடும் என்று தெரிந்தும் ஒரு விரலை மெதுவாக அந்த இரும்பில் வைத்தான். அதிகாலையில் கிணற்றுச் சுவரைத் தொட்டதுபோல் இருந்தது. அடியில் இன்ஜின் திடுதிடுவென்று அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டர் பழுதில்லை. அது உள்ளதைத்தான் காட்டுகிறது. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு வேர்வை நின்றுபோனது.

டேஷ்போர்டைக் கழற்றினான். உள்ளே வயர்களுக்கு நடுவில் மாவுபோல நைசான கல்தூசி ஈரமாகப் படிந்திருந்தது. அதில் கடுகளவு வெள்ளை நத்தைக் கூடுகள்.

"இது தண்ணியில கெடந்த வண்டி சிஸ்டர்."

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. "குவாரி ஆபீஸ் காருன்னுதான் புரோக்கர் சொன்னாரு. எந்தத் தண்ணியில கெடந்துச்சுன்னு கேட்டு நானும் அடிக்கிறேன், இப்ப போனையே எடுக்க மாட்டேங்குறாரு." கொஞ்சம் தயங்கினாள். "ரோட்டுல போனா இன்னும் எறங்கும்ணே."

"அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடுவோம். வாங்க, ஏறுங்க."

"இல்லண்ணே. உங்க வண்டியக் குடுங்க, நான் ஸ்கூட்டர்ல பின்னாடி வாரேன்." டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டிவிட்டு அவன் ஸ்கூட்டர் சாவியை நீட்டும்போது அவள் சொன்னாள்: "டிரைவர் பக்கத்துக் கண்ணாடிய மட்டும் ஏத்தாதீக."

"ஏன்?"

"காது அடைக்கும்."

அவனியாபுரம் தாண்டி ரிங் ரோட்டில் ஏறியதும் காற்று அனலாக முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கருவேல மரங்கள் வெயிலில் அசையாமல் நிற்க, தார் ரோடு தூரத்தில் பளபளவென்று நெளிய, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பாண்டிமீனாவின் நீலச் சேலை சின்னதாகப் பின்தொடர்ந்து வந்தது. அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் அவனுக்குத் தைரியம் வந்திருந்தது. வீரகனூர் நெருங்கும்போது கிரானைட் கற்களை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்து சேர்ந்தது. அது கிளப்பிய தூசி கண்ணை மறைத்தது. கண் எரிந்தது. யோசிக்காமல் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

கண்ணாடி மேலே முட்டியதும் எல்லாச் சத்தமும் நின்றது.

லாரி இரைச்சல் இல்லை. தன் இன்ஜின் சத்தம்கூட இல்லை. காதுக்குள் ஒரு விரலை யாரோ அழுத்திச் செருகியதுபோல அடைத்துக்கொண்டது. பாசியும் ஊறிய கல்லும் கலந்த குவாரிக் குட்டை வாசனை மெல்லக் கிளம்பியது. பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தான். கால்மிதி காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அந்தக் குளிர் கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.

பிரேக்கில் கால் வைத்தான். கால் மெதுவாக, மிக மெதுவாகத்தான் இறங்கியது. வண்டி ரோட்டோரச் சரிவில் இறங்கி நின்றது.

கதவை இழுத்தான். வெளியிலிருந்து பத்துப் பேர் சாய்ந்து தள்ளுவதுபோல அது அசைய மறுத்தது. கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றினான். சுற்றவில்லை. முன்னால், சரிவின் அடியில் இளநீர்க் கடை. நிழலில் ஒருவர் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வெளிச்சம் பச்சையாக மாறிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. சாய்பிரசாத் கண்ணாடியைக் குத்தினான். கை தளர்ந்துபோய் மிதந்து சென்று ஓசையில்லாமல் தொட்டது.

குளிர் இடுப்புக்கு வந்தது. சட்டை உடம்பை விட்டு மேலே எழும்பியது. சீட்டில் கிடந்த டெஸ்டர் எழுந்து அவன் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகத் திரும்பியது.

கழுத்து.

தாடை.

வாயை இறுக மூடிக்கொண்டான். மகளின் பெயரை மனசுக்குள் சொன்னான். ஹம்சவேணி. ஹம்சவேணி. நெஞ்சு வெடித்தது. வாய் தானாகத் திறந்தது. உள்ளே வந்தது காற்று இல்லை.

எங்கோ மிக உயரத்தில் ஒரு நீலம் அசைந்தது. டம். டம். மூன்றாவது அடியில் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியது. கதவு திறந்து அவன் மண்ணில் விழுந்தான். வெயில். புழுதி. லாரி ஹாரன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்ட, அவன் கையூன்றி இருமினான்.

"அண்ணே. மூச்ச விடுங்க. குப்புறப் படுங்க. அப்படித்தேன்." பாண்டிமீனா அவன் முதுகைத் தட்டினாள். கல்லைப் பிடித்திருந்த அவள் கையில் ரத்தம். "நான் சொன்னேன்ல ஏத்தாதீகன்னு."

அப்போது சரிவில் நின்ற கார் உருளத் தொடங்கியது. நேர் கீழே இளநீர்க் கடை. ஸ்ட்ராவோடு நின்றவர் காசு கொடுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஹேண்ட் பிரேக்கு," என்றபடி அவள் ஓடினாள்.

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். தண்ணீர்தான் வந்தது. அவள் திறந்த கதவுக்குள் பாய்ந்து பிரேக்கை இழுத்தாள். கார் நின்றது. அவள் பின்னால் கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

அவன் தவழ்ந்து போனான். எழுந்து கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நொறுங்கிய ஜன்னலில் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் நின்றது. செங்குத்தாக. ஒரு சொட்டு வழியாமல், வெயிலில் மினுங்கியபடி. அதற்குப் பின்னால் பாண்டிமீனாவின் நீலச் சேலை குடைபோல விரிந்து மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கண்கள் அவனைத்தான் பார்த்தன.

கையை உள்ளே விட்டான். தோள்வரை. எலும்பைக் கடிக்கும் குளிர். துழாவினான்.

விரல்கள் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. பிடித்துவிட்டாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தான். பிடி இறுகியது.

நிமிர்ந்து பார்த்தான். பாண்டிமீனா முன் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தாள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும், ரத்தம் கசியும் அந்தக் கை உட்பட, கண்ணாடியில் பதிந்திருந்தன.

அவன் மணிக்கட்டில் இருந்த கை சீட்டுக்கு அடியிலிருந்து நீண்டிருந்தது. அதில் கண்ணாடி வளையல்கள். அது அவனை உள்ளே இழுக்கவில்லை. விடவும் இல்லை. அதைப் பற்றிக்கொண்டு, இருட்டிலிருந்து இன்னொரு கை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.