சிவப்பும் பச்சையும் ஒரே டப்பாவில்

மழைக்குப் பயந்து படியேறி ஓடியவளும், குடையை விரித்தபடியே இறங்கி வந்தவனும் முட்டிக்கொண்டதில், அவள் தட்டிலிருந்த மணிகளெல்லாம் பதினெட்டுப் படிகளிலும் உருண்டோடின.

“பார்த்து வரக் கூடாதா?”

“பார்த்துக்கிட்டுத்தாங்க வந்தேன்... உங்களைத்தான்.”

முறைத்தாள். மழைத்துளி ஒட்டிய இமைகளோடு முறைத்தால் எவன் பயப்படுவான்?

அவள் முதல் மாடியில் மணிமாலை கோப்பவள். அவன் இரண்டாம் மாடியில் கடிகாரம் பழுது பார்ப்பவன். ஒரே கட்டடம், ஆனால் அன்றுவரை பேச்சில்லை. கடைசி மணிவரை பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். “நாளைக்குப் பிரிச்சு வச்சுக் கொண்டு வரேன்.”

சொன்னபடியே மறுநாள் ஐந்து குட்டி டப்பாக்களை அவள் மேசைமேல் பெருமையாக வைத்தான். திறந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லா டப்பாவிலும் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன! மாலையை அன்று சாயங்காலமே கொடுத்தாக வேண்டும்.

“கண்ணை எங்க வச்சிருந்தீங்க? சின்னக் குழந்தைகூட ஒழுங்கா பிரிச்சிருக்கும்!”

அவன் முகம் வாடிவிட்டது.

“எனக்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதாங்க தெரியும்... பொறந்ததுல இருந்தே. தொட்டுப் பார்த்துதான் பிரிச்சேன். மன்னிச்சிடுங்க.”

போய்விட்டான்.

மறுபடி பிரிக்கலாம் என்று டப்பாவுக்குள் விட்ட விரல்கள் அப்படியே நின்றன. ஒன்றில் எல்லாமே சொரசொரப்பு. அடுத்ததில் வழவழப்பு. இன்னொன்றில் வரிவரியாய்க் கீறல். இத்தனை வருஷமாக நிறத்தை மட்டும் பார்த்துக் கோத்தவள், கழுத்துக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அவன் பிரித்தபடியே கோத்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே அவள் பயப்படும் சிவப்பும் பச்சையும், ஒரே சொரசொரப்பில் சண்டையில்லாமல் உட்கார்ந்துகொண்டன. தொட்டுப் பார்த்த, அடுத்த மேசையில் மாலை கோக்கும் அக்காவுக்கு மாலையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

“யாரு யோசனைடி இது?”

“மேல்மாடிக்காரர்.”

“மேல போய் சொல்லு.”

“நானா? அவர் வரட்டுமே.”

“திட்டினது நீ. அவர் எதுக்குடி வரணும்?”

இரண்டு நாள் வீறாப்பாக இருந்தாள். அவன் காலடி அவள் கதவருகே மட்டும் வேகமெடுத்துக் கடந்துபோனது. அந்தச் சத்தம் வலித்தது. மூன்றாம் நாள் படியேறிவிட்டாள்.

அவன் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தான். அவன் உள்ளங்கையில் ஒரு சின்னச் சரத்தை வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க.”

விரல்கள் மெல்ல நகர்ந்தன. “இது... நான் பிரிச்ச மாதிரியே...”

“ஆமா. தப்பு என் மேலதான். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். “அம்மாகிட்ட கொடுத்திருந்தா பத்து நிமிஷத்துல நிறம் பார்த்துப் பிரிச்சிருப்பாங்க. மனசு வரல... உங்க மணி ஒவ்வொண்ணையும் நானே பிரிக்கணும்னு ஆசை. ஏன்னு கேட்காதீங்க.”

“கேட்கத்தானே வந்தேன்...”

“பிடிச்சிருக்கு. படியில முறைச்சீங்களே... அப்போ இருந்தே.”

சுவர்க் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டி ஓடிக்கொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தே பதிலைப் படித்திருப்பார்கள். இவனுக்கு வாய்திறந்து சொல்ல வேண்டும்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு நானே சொல்றேன்... என் முகம் இப்போ சிவந்து கிடக்கு.”

“எப்படி நம்புறது? எனக்கு எதுவும் தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாருங்க” என்றாள்.