பின்தங்காத டிரம்ஸ்

"நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் சார். எப்படிக் கேட்கறதுன்னு யோசனை கேட்கவும் இங்க வரலை."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவள் அப்படிச் சொன்னாள். தோளில் தொங்கிய பையிலிருந்து இரண்டு டிரம்ஸ் குச்சிகள் எட்டிப் பார்த்தன.

துப்பறிவாளர் தேநீரைக் கீழே வைத்தார். "உட்காருங்கம்மா. கோபத்தை அப்படியே வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும். விஷயத்தை மட்டும் நிதானமாச் சொல்லுங்க."

அவருடைய தங்கை ஏற்கெனவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் வேலையை உதறிவிட்டு அண்ணன் தொடங்கிய இந்த அலுவலகத்துக்குக் கணக்கு எழுதுவதும் கார் ஓட்டுவதும் அவள்தான். ஒரு மாதமாகக் காணாமல் போன பூனைகளைத் தேடி அலுத்துப் போயிருந்தாள்.

விஷயம் இதுதான். வந்தவள் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். குழு ஒரு பாட்டைப் பதிவு செய்திருந்தது. முதல் நாள், வேகம் மாறாமலிருக்க ஒரே சீராக அடிக்கும் கிளிக் சத்தத்தைக் காதில் கேட்டபடி அவள் வாசித்தாள். மறுநாளிலிருந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து காதில் அதே கிளிக் சத்தத்தைக் கேட்டபடி பாடினார்கள், வாசித்தார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது டிரம்ஸ் மட்டும் பின்தங்கி நொண்டியது.

"குழுவை நடத்தற இசையமைப்பாளர், எங்க மாஸ்டர், எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுட்டார். கை தாளத்துல நிக்கலைன்னார். இன்னிக்கு சாயங்காலம் குழு கூடுது. அங்க மன்னிப்புக் கேட்டா பக்கவாத்தியமா ஓரமா இருக்கலாமாம். இல்லைன்னா வெளியே. டிரம்ஸை வேற ஆளை வெச்சு வாசிக்கப் போறாராம்."

"நீங்க நிஜமாவே தாளம் தப்பியிருக்கலாமே?" என்று தங்கை பட்டென்று கேட்டுவிட்டாள்.

வந்தவள் திரும்பிப் பார்த்தாள். "தப்பினா எனக்குத் தெரியும். கிளிக் தொண்ணூத்திரெண்டுல ஓடுச்சு. நிமிஷத்துக்குத் தொண்ணூத்திரெண்டு அடி. ஒண்ணுகூட நழுவலை."

ஒலிப்பதிவு அறை ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தும், உயரத்தில் பதித்திருந்த பெரிய கடிகாரத்தின் டிக் டிக் ஓசை உள்ளே நுழைந்ததுமே தங்கையின் காதில் விழுந்தது. "இந்தச் சத்தம் பாட்டுல வராதா?" என்றாள்.

"வரும்," என்று ஒலிப்பதிவாளர் பெருமூச்சு விட்டார். ஒல்லியான, கண் சிவந்த மனிதர். "சுவரோட சேர்த்துப் பதிச்சிருக்காங்க, கழட்ட முடியலை. வாசிக்கும்போது அமுங்கிடும். சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் கடைசியில நான் வெட்டிடுவேன். இன்னும் வெட்டலை."

இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "துப்பறியறதுக்கு இங்க என்ன சார் இருக்கு? காது இருந்தா போதும். போடுப்பா."

பாட்டு ஓடியது. டிரம்ஸ் பகுதி பகுதியாகப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு பகுதியும் சரியாகத் தொடங்கியது. முடிவை நெருங்க நெருங்கக் குரலும் கிடாரும் முன்னே போக, டிரம்ஸ் மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தது. தங்கைக்கே சங்கடமாக இருந்தது. பாவம், இந்தப் பெண் எதை நம்பி மல்லுக்கட்டுகிறாள்?

"பார்த்தீங்களா? தொண்ணூத்தாறுல கிளிக் குடுத்தேன், அவளால பிடிக்க முடியலை," என்றார் இசையமைப்பாளர். திரையின் மேல் மூலையைக் காட்டினார். அங்கே 96 என்றுதான் இருந்தது.

"தொண்ணூத்திரெண்டு!" என்றாள் டிரம்ஸ்காரி.

"திரை பொய் சொல்லுமா?"

துப்பறிவாளர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். "நீங்கதானே கிளிக் வெச்சீங்க? எவ்வளவு?"

ஒலிப்பதிவாளரின் கண் இசையமைப்பாளர் பக்கம் போய் வந்தது. "ஞாபகம் இல்ல சார். எத்தனையோ பாட்டு."

"பழைய காப்பி இருக்கா?"

"இடம் பத்தலைன்னு மாஸ்டர் அழிக்கச் சொல்லிட்டார்."

"பதிவு முடிஞ்சதும் நீங்க வழக்கமா என்ன செய்வீங்க?"

"ஒவ்வொருத்தர் பதிவும் ஒரு தனி டிராக். அதுல டிரம்ஸ் டிராக்கை மட்டும் பூட்டிடுவேன் சார், நீட்டவோ சுருக்கவோ முடியாதபடி. டிரம்ஸை இழுத்தா சத்தம் பிசிறடிக்கும். மத்ததைத் தொடறதில்லை."

"தொட வேண்டிய அவசியமும் இல்லை," என்றார் இசையமைப்பாளர் கம்பீரமாக. "எங்க இசை கம்ப்யூட்டர் தொடாத இசை. விளம்பரமே அதுதான். பதிவுக்கு அப்புறம் ஒரு நூல்கூட யாரும் நகர்த்தலை."

துப்பறிவாளர் ஜன்னலோரம் போனார். தங்கை பக்கத்தில் போய் முணுமுணுத்தாள். "அண்ணே, திரையில தொண்ணூத்தாறுன்னு இருக்கு. கேஸ் கவுந்துடுச்சு."

"ஒவ்வொரு பகுதியிலயும் ஒரே மாதிரி பின்தங்கினதைக் கவனிச்சியா? கை சோர்ந்தவ ஒரு இடத்துல அதிகமா தப்புவா, இன்னொரு இடத்துல சமாளிப்பா. இங்க தப்புகூட அளந்து வெச்ச மாதிரி நடக்குது. மனுஷங்க அப்படித் தப்ப மாட்டாங்க."

அவர் திரும்பினார். "பாட்டுக்காரங்க வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்த இடம் எங்கயாவது இருக்கா?"

"நடுவுல நீளமா கிடார் வருது. அப்ப அவங்க சும்மா நின்னாங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

"குரல் டிராக்கை மட்டும் தனியாப் போடுங்க. அந்தக் கடிகாரம் டிக்குனு சொல்றப்ப, இதுலயும் டிக் வர்ற மாதிரி தொடங்குங்க. சத்தத்தை நல்லா ஏத்துங்க."

ஒலிப்பதிவாளர் இரண்டு மூன்று முறை தவறவிட்டுப் பிறகு பிடித்தார். சுவரில் ஒரு டிக், ஒலிபெருக்கியில் ஒரு டிக், இரண்டும் ஒன்றாக. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியின் டிக் முந்திக்கொண்டது. பிறகு இன்னும் முந்தியது. அறைக்குள் இரண்டு கடிகாரங்கள் சண்டை போடுவதுபோல் டிக்டிக், டிக்டிக் என்று கேட்டது.

தங்கை திரும்பி டிரம்ஸ்காரியைப் பார்த்தாள்.

"இப்ப டிரம்ஸ். நீங்களும் எங்கயாவது வாசிக்காம காத்திருந்தீங்களாம்மா?"

"முடிவுல குரல் மட்டும்தான். நான் அசையாம உட்கார்ந்திருந்தேன்."

அந்த இடத்தைப் போட்டார்கள். இந்த முறை சுவரும் ஒலிபெருக்கியும் பிரியவே இல்லை. கடைசிவரை ஒரே டிக்.

"ஒரே அறை, ஒரே கடிகாரம்," என்றார் துப்பறிவாளர். "டிரம்ஸ் பதிவுல அது ஒழுங்கா ஓடுது. குரல் பதிவுல மட்டும் வேகமா ஓடுது. கடிகாரத்துக்கு என்ன அவசரம்? இந்தப் பொண்ணு பின்தங்கலை. மத்த எல்லாரையும் யாரோ பிடிச்சு முன்னாடி தள்ளியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல தொண்ணூத்திரெண்டைத் தொண்ணூத்தாறுன்னு மாத்தினதும் எல்லா டிராக்கும் கூடவே சுருங்கிடுச்சு. பூட்டின டிரம்ஸ் மட்டும் சுருங்கலை. பகுதிகளோட தொடக்கம் புது வேகத்துக்கு நகர்ந்தது, வாசிப்பு பழைய வேகத்துல நின்னுது. அதான் ஒவ்வொண்ணும் சரியாத் தொடங்கிப் பின்னாடி விழுது."

"இவர்தான் செஞ்சிருக்கணும்," என்று இசையமைப்பாளர் ஒலிப்பதிவாளரைக் கைகாட்டினார்.

"அவர் செஞ்சிருந்தா பூட்டையும் திறந்திருப்பார், பூட்டினதே அவர்தானே. பூட்டு இருக்கிறது தெரியாத ஒருத்தர் மாத்தியிருக்கார். பதிவு நடந்தப்பவே தொண்ணூத்தாறுதான்னு அடிச்சுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். பாட்டு மந்தமா இருக்குன்னு நினைச்சு வேகத்தை ஏத்தினீங்க. டிரம்ஸ் நொண்டினதும் இவர்கிட்ட கேட்க முடியலை. கேட்டா, கம்ப்யூட்டர் தொடாத இசையைத் தொட்டது யாருன்னு தெரிஞ்சிடும். அதனால பழியை இந்தப் பொண்ணு மேல போட்டீங்க."

இசையமைப்பாளர் சிரிக்கப் பார்த்தார். "டிக் டிக்கை வெச்சுக்கிட்டுக் கதை கட்டாதீங்க. யார் நம்புவா?"

"தொண்ணூத்திரெண்டு," என்றார் ஒலிப்பதிவாளர். "நான்தான் வெச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. இனிமே எனக்கு இங்க வேலை இல்லைன்னாலும் பரவாயில்லை." அவர் 96-ஐ அழித்து 92 என்று அடித்துப் பாட்டை ஓடவிட்டார். குரலும் கிடாரும் டிரம்ஸும் தோளோடு தோள் சேர்ந்து நடந்து வந்தன.

இசையமைப்பாளர் நெற்றியைத் துடைத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ பழையபடியே வாசி. இதை நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

"நமக்குள்ளயா?" டிரம்ஸ்காரி எழுந்தாள். "என்னை நாறடிச்சப்ப எல்லாரும் இருந்தாங்க. இப்பவும் எல்லாரும் இருக்கணும். நான் எங்கயும் போகப் போறதில்லை மாஸ்டர். சாயங்காலம் முதல் ஆளா வருவேன்."

"இது என் குழு!"

"அதுல நானும் ஒருத்தி."

சாயங்காலம் குழு முழுவதும் வந்தது. தங்கை அண்ணனை இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கிடார்காரர்கள், பாடகி, எல்லோருக்கும் ஒலிப்பதிவாளர் பாட்டை இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டினார். கடிகாரத்தையும் கேட்கவைத்தார். எல்லோரும் இசையமைப்பாளரையே பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். "வேகத்தை மாத்தினது நான்தான் தப்பு என்னோடது மன்னிச்சுடுங்க சரி அடுத்த விஷயத்துக்குப் போவோம்," என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு உட்காரப் போனார்.

"மாஸ்டர்," என்றாள் டிரம்ஸ்காரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "ரொம்ப வேகமாப் போயிட்டீங்க. முதல்ல இருந்து வாங்க."

பாடகி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இசையமைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.