ஆறாவது தட்டு

பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஆறாவது தட்டில் ரசம் ஒட்டியிருந்தது.

ஏதோ நிழல் என்றுதான் ஐரின் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். நிழல் இல்லை. வெளிர்பச்சைத் தட்டின் நடுவில் ரசம் காய்ந்து படிந்திருந்தது. விளிம்பில் ஒரு கறிவேப்பிலை, அதைச் சுற்றி விரலால் வழித்த தடம். மத்தியானம் அவள் வைத்த அதே மிளகு ரசம். அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“ஏங்க, எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன், அந்தத் தட்டுகளத் தொடாதீங்கன்னு!”

சாய்வு நாற்காலியில் கிடந்த அவள் கணவன் ஆன்றோ தலையை மட்டும் தூக்கினான். “நான் எதுக்கு அதத் தொடுறேன்? எந்திரிச்சு நடக்கவே தெம்பில்ல. சாவி உன் கைப்பையிலதான கெடக்கு?”

சாவி கைப்பையில்தான் கிடந்தது. அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது.

ஐரினுக்கு நாகமலை புதுக்கோட்டையில் வீடு, பல்கலைக்கழக அலுவலகத்தில் கிளார்க் வேலை, பழைய கண்ணாடித் தட்டுகள் மேல் பைத்தியம். ரோஜா நிறம், ஆகாய நீலம், இளமஞ்சள் என்று அந்தக் காலத்து பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு விட்டுப்போன மெல்லிய தட்டுகள். சிம்மக்கல் பழைய பாத்திரக் கடைகளில் அவள் தலையைக் கண்டதுமே, மூலையில் தூசி படிந்து கிடந்ததெல்லாம் துடைக்கப்பட்டு முன்னால் வரும். விளிம்பை நகத்தால் சுண்டி, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காது வைத்துக் கேட்பாள். வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே உறைந்த காற்றுக்குமிழிகளைத் தேடுவாள். வாங்கி வந்ததில் யாரும் சாப்பிட்டதில்லை. பிஷப்பே வந்தாலும் எவர்சில்வர் தட்டுதான். ஒரு செட்டில் ஒன்று குறைந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தக் குணம்தான் வினையாக வந்து முடிந்தது.

போன மாதம் சமயநல்லூரில், ரிட்டயரான விக்டோரியா டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போகிறார் என்று கேள்விப்பட்டு, பழைய தட்டு ஏதாவது விலைக்குக் கிடைக்குமா என்று ஐரின் போனாள். டீச்சர் எலும்பும் தோலுமாக இருந்தார். ஐந்து வெளிர்பச்சைத் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். ஆறாவது தட்டு சாப்பாட்டு மேஜையின் கோடியில், ஒரு நாற்காலிக்கு நேராகக் கவிழ்ந்திருந்தது.

“அது வேணாம் தங்கச்சி. எங்க வீட்ல அது எப்பவும் கவுந்தேதான் இருக்கும்.”

“ஆறும் சேந்தாத்தான டீச்சர் செட்டு? அது இல்லன்னா எனக்கு இந்த அஞ்சும் வேணாம்.”

டீச்சர் மேஜையை விட்டு விலகி நின்றார். “அப்ப நீங்களே எடுத்துக்கங்க. நான் அதுல கைய வைக்க மாட்டேன்.”

ஐரின் எடுத்து நிமிர்த்தினாள். தட்டுக்கு அடியில் மேஜை ஈரமாக இருந்தது. எச்சில் வாடை அடித்தது. தனியாக இருக்கிற வயசான அம்மா, சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் தன் முந்தானையாலேயே துடைத்துக்கொண்டாள்.

குடல் ஆபரேஷன் முடிந்து ஆன்றோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதே வாரம்தான். உடம்பு தேறாவிட்டால் உள்தையல் ஆறாது, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரும், அதை இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஐரின் லீவு போட்டுவிட்டு அடுப்படியே கதியென்று கிடந்தாள். ஆட்டுக்கால் சூப், நெய் ஊற்றிய பருப்புச் சோறு, அவித்த முட்டை. வைத்த தட்டு வைத்த சூட்டில் காலியானது. ஆன்றோ மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனான்.

“இன்னும் பசிக்குது ஐரின்.”

“இப்பத்தான நாலு இட்லி வச்சேன்! அம்புட்டும் எங்க போச்சு?”

“தெரியல. வாயில வச்ச மாதிரியே இல்ல.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கை வெந்து, கால் வீங்கி ஒருத்தி ஆக்கிப் போடுகிறாள், இந்த மனுஷன் சாப்பிடவே இல்லை என்கிறானே! சாப்பிட்டதை எங்கேயாவது கொட்டுகிறானோ என்று ஜன்னலுக்கு வெளியே போய்த் தேடிப் பார்த்தாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். ஒரு பருக்கை இல்லை. அலமாரியில் மட்டும் ஆறாவது தட்டில் நெய் மினுங்கியது. கழுவி வைத்தாள். மறுநாள் முட்டையின் மஞ்சள் கரு. கழுவினாள். அதற்கும் மறுநாள் சூப்பின் கொழுப்பு. வேறு பூட்டு வாங்கிப் போட்டாள், பழைய பூட்டை விற்ற கடைக்காரனைத் திட்டினாள், ஆன்றோவை இன்னும் பலமாகத் திட்டினாள். எதற்கும் பலனில்லை.

ஒரு மத்தியானம் அவன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பருப்பும் நெய்யும் கலந்த வாடைக்கு அடியில் வேறொரு வாடை, காலையில் கொப்பளிக்காத வாயின் எச்சில் வாடை, மெல்ல மெல்லக் கூடத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஆன்றோ சோற்றைப் பிசைந்தான். உருட்டினான். கையைத் தூக்கினான். வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் வெறுமையாக இருந்தன. அவன் அதைக் கவனிக்காமல் வெறும் வாயை மென்றான்.

அவளுக்குப் பின்னால் அலமாரி. அதற்குள்ளிருந்து சப்புக் கொட்டும் சத்தம். கண்ணாடியில் நகம் உரசும் சத்தம்.

ஐரின் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. சத்தம் அடங்கிய பிறகு விக்டோரியா டீச்சருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் டீச்சர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“நல்லாருக்கேன் தங்கச்சி. இப்பல்லாம் நல்லாச் சாப்பிடுறேன். மகன் கேலி பண்ணுறான், குண்டாயிட்டேன்னு.”

“அந்தத் தட்டு, டீச்சர்...”

மெல்லுவது நின்றது. “நிமித்தி வச்சிட்டீங்களா?”

“ஷோகேஸ்ல வேற எப்படி வைப்பாங்க? அது என்ன டீச்சர்? சொல்லுங்க, என் வீட்டுக்காரர் செத்துருவாரு!”

“ஆறும் வேணும்னு நீங்கதானம்மா கேட்டீங்க,” என்றார் டீச்சர். குரலில் வருத்தம் இருந்தது. போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

ஐரின் அலமாரியைத் திறந்து தட்டைக் கவிழ்த்தாள். கையை எடுத்தாள். திரும்பிக்கொண்டது. மறுபடி கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்தினாள். யாரோ பொறுமையில்லாமல் தட்டிவிட்டதுபோல் அவள் கையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு அது நிமிர்ந்தது.

தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லுக்கு ஓடினாள். ஓங்கிய கை நின்றது. சாய்ந்த வெயில் அந்தப் பச்சைக்குள் இறங்கியது. ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை, இவ்வளவு சுத்தமான ஒன்று இனி அவள் ஆயுசில் கிடைக்காது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. புருஷன் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறான், இவள் நிறம் பார்க்கிறாள்! கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

தட்டு தூள் தூளானது. சில்லுகளை ஒன்று விடாமல் கூட்டி அள்ளிப் போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள்.

ஏழு மணிக்கே சாப்பாடு போட்டாள். குழைந்த சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. ஆன்றோ உருட்டிய சோறு அவன் வாய்க்கே போனது. முதல் வாயில் அவன் கண் விரிந்தது. “ஐரின், உப்பு தெரியுது! காரம் தெரியுது!” வேகவேகமாகச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எடுத்த அளவுக்குத்தான் தட்டில் குறைந்தது. கடைசியில் நீளமாக ஒரு ஏப்பம் விட்டான்.

“போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு.”

ஒரு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. ஐரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லும் சத்தம்.

அலமாரியிலிருந்து இல்லை. மேஜையில். மிகக் கிட்டத்தில்.

ஆன்றோ வாயை மூடியிருந்தான். தட்டில் மிச்சச் சோறு அப்படியே இருந்தது. குழம்பு அப்படியே இருந்தது.

“இந்தக் கை மட்டும் ஏன் இப்படி மரத்துப் போச்சு?” என்றான் அவன், சிரித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

இடது கை. மேஜைமேல் நீட்டியிருந்தது.

டியூப்லைட் வெளிச்சத்தில் ஐரின் பார்த்தாள். மணிக்கட்டில் பல் தடங்கள். மேல்வரிசை. கீழ்வரிசை. தோல் மேலே எழுந்தது. இழுபட்டது. விட்டுப்போனது. கசிந்த ரத்தம் மேஜையில் சொட்டுவதற்கு முன்னால் காணாமல் போனது.

அடுத்த கடி அதற்குச் சற்று மேலே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் மேலே. அவசரமே இல்லாமல், முழங்கையை நோக்கி.