பாதிப் பின்னலும் பழைய டயர்களும்

"அம்மா!" என்று அக்கா முனகினாள். சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

எபியேரே திரும்பிப் பார்த்தாள். அவள் தலையில் வலப்பக்கம் பின்னல்கள் வரிசையாக ஓடின. இடப்பக்கம் முடி புஸ்ஸென்று நின்றது. பின்னிக்கொண்டிருந்த தரிலா அக்கா தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எபியேரேக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவே வாய் பிளந்து பார்க்கும் எடையைத் தூக்குகிற அக்காவால் ஒரு சீப்பைத் தூக்க முடியவில்லையா?

"என்னக்கா ஆச்சு?"

"கொஞ்ச நாளாவே தோள் வலிக்குதுடி. மாஸ்டர்கிட்ட சொல்லிடாத. சொன்னா சனிக்கிழமை பளுதூக்கும் போட்டிக்கு விடமாட்டார். மாநில அணிக்கு ஆள் எடுக்கறாங்க!"

"சரி, சொல்லல. என் தலை?"

"முக்காடு போட்டுக்கோ."

பின்னி முடிக்க அம்மாவும் ஊரில் இல்லை. மீன் வாங்க ஆற்றோர ஊர்களுக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் முக்காட்டை எடுக்கச் சொன்னார். பார்த்ததும் அதிர்ந்துபோனார். "பாதித் தலைதான் பள்ளிக்கூடம் வந்திருக்கு. மீதி வீட்ல தூங்குதா?" என்றார். வகுப்பே சிரித்தது. அக்காவின் தோளைப் பற்றி எபியேரே மூச்சு விடவில்லை.

மாலையில் அக்காவின் பின்னாலேயே பயிற்சிக்குப் போனாள்.

டூபரா மாஸ்டரின் பயிற்சிக்கூடம் என்பது அவர் வீட்டு முற்றம்தான். பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்டை ஊற்றி, கம்பியின் இரு முனையிலும் பொருத்தி, மாஸ்டரே தன் கையால் எடைகள் செய்திருந்தார். அவற்றை யாரும் கீழே போடக் கூடாது. முன்பு ஒரு பையன் கை தவறிப் போட்டதில் ஒரு எடை தூள் தூளானது. மாஸ்டர் அன்று சாப்பிடவே இல்லை. அதிலிருந்து எல்லாரும் தூங்குகிற குழந்தையை இறக்குவது போலத்தான் எடையை இறக்குவார்கள்.

அக்கா தூக்கினாள். எடை மேலே போகும்போது முகம் லேசாகச் சுருங்கியது. மெல்ல மெல்ல இறக்கும்போதோ உதட்டைக் கடித்தாள், கண்ணில் நீர் முட்டியது. மறுமுறையும் அப்படியே.

'இறக்கும்போதுதான் ரொம்ப வலிக்குது!' எபியேரேக்கு ஒரு யோசனை தோன்றியது. உடனே பஞ்சர் கடைக்கு ஓடினாள்.

"ஒசாரோ அண்ணே, தேஞ்ச டயர் இருந்தா தாங்களேன்."

"பாதித் தலையோட வந்து பழைய டயர் கேக்குறியே! எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்லண்ணே. எங்கக்காவுக்கு."

ஒசாரோ அண்ணன் கையில் இருந்த பம்பைக் கீழே விட்டார்.

மறுநாள் முற்றத்தைப் பார்த்த மாஸ்டர் கத்தினார். "எவன்டா இங்க குப்பையைக் கொண்டாந்து கொட்டினது?"

"நான்தான் மாஸ்டர். எடையை இனிமே இறக்க வேணாம். இந்த டயர் மேல போட்டுடலாம்."

"போடறதா? என் எடையையா?" மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இருடி!" என்று தங்கையை முறைத்துவிட்டு, அக்கா டயர்களுக்கு நடுவே நின்று தூக்கினாள். எடை தலைக்கு மேலே போனது. இறக்கத் தொடங்கியதும் வலது கை வெடவெடவென்று நடுங்கியது. கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது.

"போட்டுடுக்கா!" எபியேரே அலறினாள்.

அக்கா கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

தொம்!

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மாஸ்டர்தான் முதலில் போய் எடைகளைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே!" என்று வியந்து நிமிர்ந்தவர், அக்காவைப் பார்த்து உறைந்துபோனார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"தரிலா! தோளுக்கு என்னம்மா?"

அக்கா எபியேரேயைப் பார்த்தாள். எபியேரே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையிலிருந்து குரல் வந்தது. "நான் ஒண்ணும் சொல்லலக்கா!"

அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் ஒரு டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சிமெண்டுல விரிசல் விழுதான்னே பாத்துட்டு இருந்திருக்கேன். உன்னைப் பாக்கலையேம்மா!"

அக்காவையும் எபியேரேயையும் அவரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். சனிக்கிழமை தூக்கியிருந்தால் தசை கிழிந்தே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது மூவரும் ஆடிப்போனார்கள்.

சனிக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் சூடான ஆகாரா என்னும் காராமணி வடைப் பொட்டலத்தோடு வந்தார்.

"அணிக்கு அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்கம்மா. புதுத் தோள் எந்தக் கடையிலயும் கிடைக்காது. சாப்பிடு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு வடை தின்றாள்.

இப்போதெல்லாம் முற்றத்தில் மாலை முழுக்கத் தொம் தொம் என்று சத்தம்தான். பக்கத்து வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

எபியேரேயின் தலையை, ஊர் திரும்பிய அம்மாதான் வாராவாரம் பின்னினாள். பாவம், அம்மாவின் பின்னல் புதன்கிழமையே அவிழ்ந்துவிடும்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா தானாகவே சீப்பை எடுத்தாள். வலப்பக்கம் முடிந்தது. கை நிற்காமல் இடப்பக்கமும் வந்தது.

"ஆ! வலிக்குது!" என்று எபியேரே கத்தினாள்.

அக்கா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "எங்கடி?"

"எனக்குத்தான்க்கா, தலையில! நீ நல்லா இழுத்துப் பின்னு!"

கண்ணில் நீர் வழிய, எபியேரே சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினாள்.